வியட்நாமில் எதை விடுவது?

அன்புள்ள சார்,

வணக்கம். ஹனோய் தெருக்களைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்த பிறகுதான் எங்கள் வீட்டில் வியட்நாம் என்ற பேச்சே ஆரம்பித்தது. தீபாவளி விடுமுறையை ஒட்டிப் போகலாம் என்று இருக்கிறோம். நான், கணவர், கல்லூரியில் படிக்கும் மகள், மாமியார். மாமியாருக்கு 68 வயது, முட்டைகூடச் சாப்பிட மாட்டார். இங்கே ஒரு டிராவல்ஸில் ஆறு நாள் திட்டம் கொடுத்திருக்கிறார்கள்: ஹனோய், ஹாலாங் விரிகுடா, டனாங், தங்கப் பாலம், ஹோ சி மின் நகரம், மீகாங் படகுப் பயணம். நடுவில் இரண்டு உள்நாட்டு விமானங்கள். "இவ்வளவு செலவு பண்ணிப் போறோம், எல்லாத்தையும் பார்த்துட்டு வந்துடணும்" என்கிறார் கணவர்.

எனக்கு இரண்டு கேள்விகள். மொழி ஒரு சொல்கூடத் தெரியாமல் போகிற எங்களைப் போன்றவர்கள் யூடியூபில் பார்ப்பதைவிட அதிகமாக அங்கே எதைப் பார்த்துவிட முடியும்? இன்னொன்று, நீங்கள் பிளாட்பாரத்தில் குட்டி ஸ்டூல் போட்டு உட்கார்ந்து சாப்பிடுவதை ரொம்ப ரசித்து எழுதுகிறீர்கள். ஈரோட்டில் அதையே ஆக்கிரமிப்பு, குப்பை, ஏழ்மை என்கிறோம். வெளிநாட்டில் இருந்தால் மட்டும் அது அழகாகிவிடுமா? மனதில் பட்டதைக் கேட்டுவிட்டேன், தவறாக நினைக்க வேண்டாம்.

அன்புடன்,
க.மு., ஈரோடு

*

அன்புள்ள க.மு. அவர்களுக்கு,

தவறாக நினைக்க என்ன இருக்கிறது. இரண்டாவது கேள்வி முக்கியமானது, அதற்கு வருகிறேன். முதலில் உங்கள் கணவரின் கணக்கைப் பார்த்துவிடுவோம். டிக்கெட் எடுத்த பிறகு சொல்லிப் பயனில்லை.

அந்த ஆறு நாள் திட்டத்தை ஒரு தாளில் மணிக்கணக்காக எழுதிப் பாருங்கள். ஹனோயிலிருந்து ஹாலாங்குக்கு வேனில் இரண்டரை மணி நேரம், திரும்பி வர இரண்டரை. ஹனோயிலிருந்து டனாங்குக்கு விமானத்தில் ஒன்றேகால் மணி நேரம்தான். ஆனால் ஓட்டலைக் காலி செய்து, விமான நிலையம் போய், இறங்கி, பெட்டிக்குக் காத்திருந்து, அடுத்த ஓட்டலில் அறைச் சாவி கைக்கு வருவதற்குள் அரை நாள் போய்விடும். டனாங்கிலிருந்து சைகோனுக்கும் (ஹோ சி மின் நகரத்தின் பழைய பெயர்) இதே கதை. தங்கப் பாலம் இருக்கிற பானா மலைக்கு ஒரு முழு நாள். மீகாங்குக்கு ஒரு முழு நாள், அதில் பாதி நெடுஞ்சாலையில். எல்லாம் போக ஹனோயில் உங்களுக்கு மிஞ்சுவது ஒரு சாயங்காலமும் ஒரு காலையும். அந்தச் சாயங்காலமும் நீர்ப் பொம்மலாட்டம் பார்க்கக் கூட்டிக்கொண்டு போய்விடுவார்கள்.

வியட்நாம் வடக்கு தெற்காக சுமார் 1,650 கி.மீ. நீளம். நடுவில் ஓரிடத்தில் மலைக்கும் கடலுக்கும் இடையே 50 கி.மீ. அகலம்தான். இப்படி ஒரு நாட்டை மூன்று விமான நிலையங்கள் வழியாகப் பார்த்தால் அதன் முழு நீளத்தையும் மேகத்துக்கு மேலேயே கடந்துவிடுவீர்கள்.

என் யோசனை: சைகோனையும் மீகாங்கையும் விட்டுவிடுங்கள். ஹாலாங்கையும் விடுங்கள். ஹனோயில் ஆரம்பித்து, டனாங்குக்குப் பக்கத்தில் இருக்கும் பழைய துறைமுக ஊரான ஹோய் ஆன் வரை தரைவழியாகவே போய், டனாங்கில் விமானம் ஏறி ஊர் திரும்புங்கள். முடிந்தால் இரண்டு நாள் கூட்டிக்கொள்ளுங்கள். முடியாவிட்டாலும் பரவாயில்லை, இரண்டு விமானப் பயணங்களில் போயிருக்கும் நேரம் கையில் இருக்கும்.

ஹாலாங்கை விடச் சொன்னால் எல்லாரும் முறைப்பார்கள். கடலுக்குள் ஆயிரத்துக்கும் மேற்பட்ட சுண்ணாம்புக்கல் குன்றுகள் எழுந்து நிற்கும் இடம், 1994-லேயே யுனெஸ்கோ பட்டியலுக்கு வந்தது, அழகுதான். ஆனால் ஒரு நாள் பயணமாகப் போகிறவர்கள் படகுக் கூட்டத்தில் வரிசையாகப் போய், வரிசையாக ஒரு குகைக்குள் ஏறி இறங்கி, வரிசையாகத் திரும்புகிறார்கள். அதே சுண்ணாம்புக்கல் குன்றுகள் ஹனோய்க்குத் தெற்கே 90 சொச்சம் கி.மீ. தூரத்தில் நின் பின்னில் வயல்களுக்கு நடுவே நிற்கின்றன. அங்கே ட்ராங் ஆன் என்ற இடத்தில் நாலைந்து பேர் ஏறும் துடுப்புப் படகில் தலையைக் குனிந்து குகைகளுக்குள் நுழைந்து மறுபக்கம் வரலாம். படகோட்டிகளில் பெரும்பாலோர் பெண்கள். பக்கத்தில் தாம் கோக்கில் பின்னால் சாய்ந்து உட்கார்ந்துகொண்டு காலாலேயே துடுப்பு வலிப்பார்கள். மே கடைசியில் போனால் இரண்டு பக்கமும் நெல் பழுத்துக் கிடக்கும். பத்தாம் நூற்றாண்டில் தலைநகராக இருந்த ஹோவா லூவும் அங்கேதான். மாமியாருக்குப் படியேறுகிற வேலை குறைவு. எனக்கு ஹாலாங்கைவிட நின் பின்தான் பிடிக்கும்.

இப்போது ஹனோய். ஓட்டலைப் பழைய நகரத்துக்குள்ளேயே எடுங்கள். ஹோவான் கியெம் ஏரிக்கு வடக்கே இருக்கும் அந்தத் தெருக்களை முப்பத்தாறு தெருக்கள் என்பார்கள். தெருவுக்கு ஒரு தொழில். வெள்ளிக்கு ஒரு தெரு, பட்டுக்கு ஒன்று, தகரத்துக்கு ஒன்று, மூலிகை மருந்துக்கு ஒன்று. பல தெருக்களில் தொழில் மாறிவிட்டது, ஆனால் தகரத் தெருவில் இன்றும் பிளாட்பாரத்தில் வைத்துத் தட்டிக்கொண்டுதான் இருக்கிறார்கள். மூலிகைத் தெருவுக்கு வழி கேட்கவே வேண்டாம், மூக்கு கொண்டுபோய்ச் சேர்த்துவிடும்.

வீடுகளைப் பாருங்கள். முகப்பு மூன்று மீட்டர் இருக்கும், உள்ளே ஐம்பது அறுபது மீட்டர் வரை போகும். கடை முகப்பின் அகலத்தை வைத்து வரி போட்டதால் இப்படிக் கட்டினார்கள் என்று ஒரு விளக்கம் சொல்வார்கள். மா மாய் தெருவில் 87-ஆம் எண் வீட்டைப் பழைய மாதிரியே புதுப்பித்து வைத்திருக்கிறார்கள், டிக்கெட் வாங்கி உள்ளே போகலாம். முன்னறை கடை, அப்புறம் வானம் பார்த்த முற்றம், அப்புறம் இன்னோர் அறை, இன்னொரு முற்றம். ஒரு காலத்தில் ஒரே குடும்பம் இருந்த இப்படிப்பட்ட வீடுகளில் பின்னால் பல குடும்பங்கள் பங்கு போட்டுக்கொண்டு குடியிருந்தன. ஒரு குடும்பத்துக்கு ஓர் அறை என்றாகிவிட்டால் சமையலும் சாப்பாடும் அரட்டையும் எங்கே போகும்? வாசலுக்குத்தான். பிளாட்பாரம் அங்கே வீட்டின் முன்கூடம். இது தெரிந்தால் அந்தத் தெருவில் பாதி விஷயம் விளங்கிவிடும்.

மீதிப் பாதி நேரக் கணக்கு. அந்தத் தெருவுக்கு ஒரு கால அட்டவணை உண்டு. காலை ஐந்து மணிக்கு ஏரிக்கரையில் ஒலிபெருக்கி வைத்துக்கொண்டு பெண்கள் கூட்டமாக உடற்பயிற்சி செய்வார்கள், பக்கத்தில் வயதானவர்கள் தாய் சி, இன்னொரு பக்கம் பேட்மிண்டன். ஆறிலிருந்து எட்டு வரை ஃபோ என்கிற நூடுல்ஸ் சூப். அந்தக் கடை ஒன்பது மணிக்குப் பல இடங்களில் காணாமல் போய்விடும். அடுப்பு, பாத்திரம், ஸ்டூல் எல்லாம் உள்ளே போய், அதே இடத்தில் இன்னொருவர் வேறு எதையாவது விற்பார். பதினொன்றரைக்கு மதியச் சாப்பாடு, கரியில் பன்றி இறைச்சி சுடும் புகை தெருவை மூடும். பன்னிரண்டரைக்கு ஊர் தூங்கும். பைக் டாக்சிக்காரர்கள் வண்டியின் மேலேயே மல்லாந்து, காலை ஹேண்டில்பாரில் போட்டுக்கொண்டு தூங்குவதைப் பார்த்து உங்கள் மகள் நிச்சயம் படம் எடுப்பாள். நாலு மணிக்குப் பள்ளிக்கூட வாசல்களில் ஸ்கூட்டர் பெற்றோர்கள். ஐந்து மணிக்கு மூலைகளில் அன்றன்றைக்கு வடித்த பீர். வெள்ளி சாயங்காலத்திலிருந்து ஞாயிறு இரவு வரை ஏரியைச் சுற்றி வண்டிகளை நிறுத்திவிடுவார்கள், 2016-லிருந்து இந்த ஏற்பாடு. குழந்தைகள் நடுரோட்டில் விளையாடும்.

அதனால் நான் சொல்வது, ஹனோயில் பத்து இடம் பார்க்க வேண்டாம். ஓட்டல் இருக்கிற தெருவிலேயே ஒரு மூலையைப் பிடித்துக்கொண்டு காலை, மதியம், சாயங்காலம், இரவு என்று அதே மூலைக்குப் போங்கள். ட்ரா டா என்று ஐஸ் போட்ட தேநீர் விற்கும் பாட்டிகள் எல்லா மூலையிலும் உண்டு. சில ஆயிரம் டாங், நம் காசுக்குப் பத்து இருபது ரூபாய்க்குள் ஒரு கிளாஸ். சூரியகாந்தி விதையைக் கொறித்துக்கொண்டு எவ்வளவு நேரம் உட்கார்ந்தாலும் எழுந்திரு என்று சொல்ல மாட்டார்கள். யூடியூபில் இது கிடைக்காது. அங்கே எந்தத் தெருவும் ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும், அதுவும் நன்றாக இருக்கும் ஐந்து நிமிடமாகப் பொறுக்கி எடுத்ததாக இருக்கும்.

மொழி தெரியாமல் என்ன தெரியும் என்று கேட்டிருந்தீர்கள். அந்த ஸ்டூலில் உட்கார்ந்தபடியே எதிர்க் கடையின் தரையைப் பாருங்கள். சிவப்பு விளக்கெரியும் ஒரு குட்டி மாடம் வாசலைப் பார்த்துத் தரையில் இருக்கும். இடத்தைக் காக்கும் தெய்வத்துக்கும் செல்வம் தரும் தெய்வத்துக்குமானது. பழம், பூ, சிகரெட், சில இடங்களில் ஒரு கப் காபி. சந்திர மாதத்தின் முதல் நாளும் பதினைந்தாம் நாளும், அதாவது நம் அமாவாசை பௌர்ணமியை ஒட்டி, பிளாட்பாரத்தில் ஒரு தகர வாளியை வைத்துக் காகிதப் பணத்தை எரிப்பார்கள். முன்னோர்களுக்குப் போய்ச் சேருவதற்கு. இந்தக் காகிதச் சாமான்களுக்கென்றே ஹாங் மா தெரு இருக்கிறது. காகித மோட்டார் சைக்கிள், காகிதச் செல்போன், காகித வீடு எல்லாம் அங்கே விற்பார்கள். கம்யூனிஸ்ட் கட்சி ஆளும் நாட்டின் தலைநகரில் இது நடக்கிறது. இதைப் பார்க்க ஒரு சொல்கூடத் தெரிய வேண்டியதில்லை. உங்கள் மாமியாருக்குக் கணவரைவிடச் சீக்கிரம் விளங்கும் என்று நினைக்கிறேன்.

தெரியாமல் போவது எது என்றும் சொல்லிவிடுகிறேன். அந்தத் தேநீர்ப் பாட்டி மகனைப் பற்றிப் பக்கத்து வீட்டுக்காரரிடம் என்ன சொல்கிறார், வார்டு அதிகாரி வந்தால் ஏன் குரல் தாழ்கிறது, பத்திரிகையில் எது வராது, நிலத் தகராறில் யார் ஜெயிப்பார்கள், இதெல்லாம் மொழி இல்லாமல் தெரியாது. ஒரு வாரம் போய்வந்துவிட்டு "வியட்நாம் மக்கள் இப்படித்தான்" என்று ஆரம்பிக்கிறவர்களிடமிருந்து நான் தள்ளி நிற்பது இதனால்தான்.

சரி, இரண்டாவது கேள்வி. வெளிநாட்டில் இருந்தால் பிளாட்பாரம் அழகாகிவிடுமா?

ஆகாது. ஹனோய் பிளாட்பாரத்தில் பெரும்பாலும் நடக்கவே முடியாது. சாப்பாட்டுக் கடை போக மீதி இடத்தில் மோட்டார் சைக்கிள் நிறுத்தியிருப்பார்கள். பத்துக் கோடிப் பேர் உள்ள நாட்டில் ஏழு கோடிக்கும் மேல் பைக்குகள் பதிவாகியிருக்கின்றன. அவற்றை எங்கேதான் நிறுத்துவார்கள். நீங்கள் ரோட்டில் இறங்கித்தான் நடக்க வேண்டும். கால் வலி உள்ளவர்களுக்கு அது கொடுமை. மாமியாரை நினைத்துத்தான் இதைச் சொல்கிறேன். ரோட்டைக் கடக்கும்போது அவர் கையைப் பிடித்துக்கொண்டு ஒரே சீரான வேகத்தில் நடங்கள், நடுவில் நிற்கவும் கூடாது, ஓடவும் கூடாது. வண்டிகள் உங்கள் வேகத்தைக் கணக்குப் போட்டு விலகிப் போகும். பின்வாங்கினால்தான் இடிக்கும்.

ஆக்கிரமிப்பு என்ற சண்டை அங்கேயும் உண்டு. 2017-ல் சைகோனின் முதல் மாவட்டத்தில் ஓர் அதிகாரி, இந்த இடத்தைக் குட்டி சிங்கப்பூர் ஆக்குகிறேன் என்று கிளம்பி, பிளாட்பாரத்தில் நீட்டிக்கொண்டிருந்த படிகளை இடித்தார், வண்டிகளைத் தூக்கினார். பெரிய கட்டடங்களையும் அரசு அலுவலகங்களையும் விட்டுவைக்கவில்லை. கைதட்டலும் கிடைத்தது, திட்டும் கிடைத்தது. ஹனோயிலும் அதே வருடம் இடித்தார்கள். கொஞ்ச காலத்தில் ஸ்டூல்கள் பழையபடி திரும்பி வந்துவிட்டன.

ஏன் திரும்பி வருகின்றன என்றால், அது பலருக்கு மிஞ்சிய ஒரே தொழில். 1986-ல் பொருளாதாரத்தைத் திறந்துவிட்ட பிறகு அரசு ஆலைகளில் ஆட்களைக் குறைத்தார்கள். வேலை போனவர்களுக்குக் கையிலிருந்த முதலீடு வீட்டு வாசல்தான். ஒரு கெட்டில், நாலு ஸ்டூல், கடை தயார். ஏழ்மையில் தொடங்கியது என்று நீங்கள் சொன்னால் மறுக்க மாட்டேன்.

ஆனால் ஒரு வித்தியாசம் இருக்கிறது, நான் ரசித்தது அதைத்தான். அந்த ஸ்டூலில் யார் உட்காருகிறார்கள் என்று பாருங்கள். டை கட்டிய வங்கி ஊழியர், மூட்டை தூக்குகிறவர், விலை உயர்ந்த காரில் வந்து இறங்கும் குடும்பம், எல்லாரும் அதே ஓர் அடிகூட உயரமில்லாத ஸ்டூலில் முழங்கால் மோவாயில் இடிக்க உட்கார்ந்து அதே கிண்ணத்தில் சாப்பிடுகிறார்கள். நம் ஊர்களில் தள்ளுவண்டிக் கடைக்கு வேறு வழியில்லாதவர்கள் போகிறார்கள், அல்லது நம்மைப் போன்றவர்கள் கார் கண்ணாடியை இறக்கிப் பார்சல் வாங்குகிறோம். அங்கே ஒரு குடும்பம் ஒரே பதார்த்தத்தைப் பல வருடமாகச் செய்யும். அதற்காக ஊரின் மறுகோடியிலிருந்து ஆள் வரும், ஏழை பணக்காரர் பாகுபாடு இல்லாமல். இதை வைத்து வியட்நாமில் சமத்துவம் வழிகிறது என்று சொல்ல வரவில்லை. சாப்பிட்டு முடித்ததும் ஒருவர் காரிலும் ஒருவர் சைக்கிளிலும்தான் போகிறார்கள். ஆனாலும் அந்த இருபது நிமிடம் பக்கத்தில் பக்கத்தில் உட்காருகிறார்கள். ஈரோட்டில் அது எங்கே நடக்கிறது என்று யோசித்தேன், கல்யாணப் பந்தியைத் தவிர வேறு எதுவும் தோன்றவில்லை. உங்களுக்குத் தோன்றினால் எழுதுங்கள்.

அடுத்தது ரயில். ஹனோயிலிருந்து சைகோன் வரை 1,726 கி.மீ. பிரெஞ்சுக்காரர்கள் துண்டு துண்டாகப் போட்டு 1936-ல் முழுப் பாதையையும் முடித்தார்கள். 1954-ல் நாடு வடக்கு, தெற்கு என்று இரண்டானபோது பாதையும் இரண்டானது. போரில் பாலங்கள் போயின. போர் முடிந்து, 1976 கடைசியில்தான் மறுபடியும் முழு நீளத்துக்கும் ரயில் ஓடியது. இன்னும் மீட்டர் கேஜ், பெரும்பாலும் ஒற்றைத் தடம். எதிர் ரயிலுக்காக நடுக்காட்டில் நின்று நின்று போகும். எண்பதுகளில் மதுரைப் பக்கம் ரயிலில் போனவர்களுக்கு அந்த ஆட்டமும் சத்தமும் பழகியதாகவே இருக்கும்.

நின் பின்னில் இரவு ஏறினால் காலையில் ஹுவே. நாலு படுக்கை கொண்ட அறை கிடைக்கும், நீங்கள் சரியாக நாலு பேர். ஹுவேயிலிருந்து டனாங் நூறு கி.மீ.தான், அதைக் கட்டாயம் பகலில் வையுங்கள். இடது பக்க ஜன்னல். லாங் கோ காயலைத் தாண்டியதும் ரயில் மலையை ஒட்டி வளைய ஆரம்பிக்கும். கார்களும் பஸ்களும் 2005-ல் திறந்த ஆறு கி.மீ. சுரங்கத்துக்குள் புகுந்து மறுபக்கம் போய்விடுகின்றன. ரயிலுக்கு அந்த வசதி இல்லாததால் கடலோரமாகவே சுற்றிப் போகிறது. கீழே பாறை, அலை, ஆள் நடமாட்டமில்லாத சின்னச் சின்ன மணல் வளைவுகள். மலைக்கு இந்தப் பக்கம் மழைத் தூறலும் குளிருமாக இருந்தால் அந்தப் பக்கம் வெயில் அடிக்கும். வடக்கிலிருந்து வரும் குளிர்காற்றை ஹாய் வான் மலைதான் தடுத்து நிறுத்துகிறது. ஒரு காலத்தில் வியட்நாமியர் நாட்டுக்கும் தெற்கே இருந்த சாம் மக்களின் நாட்டுக்கும் எல்லையாக இருந்ததும் இதே மலை. விமானத்தில் போனால் இது எதுவும் இல்லை.

ஹுவேயில் இரண்டு இரவு இருங்கள், முக்கியமாக உங்கள் மாமியாருக்காக. 1802-லிருந்து 1945 வரை நுயென் அரசர்களின் தலைநகரம். கோட்டைக்குள் இருக்கும் அரண்மனை 1947-லும் 1968-லும் நடந்த சண்டைகளில் பெரும்பாலும் நொறுங்கி, இப்போது கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். அதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது, அது ஆழமான பௌத்த ஊர். 1963-ல் பௌத்தக் கொடி ஏற்றத் தடை போட்டதில் கிளர்ச்சி தொடங்கியது இங்கேதான். அந்தக் கிளர்ச்சியில் சைகோன் தெருவில் தீக்குளித்த திக் குவாங் டுக் என்ற துறவி வந்திறங்கிய நீல நிற ஆஸ்டின் கார், ஆற்றங்கரையில் இருக்கும் தியென் மு விகாரையில் நிற்கிறது. ஏழு நிலைக் கோபுரத்தைப் படம் எடுத்துவிட்டு அப்படியே திரும்பிவிடாமல் பின்னால் போய்ப் பாருங்கள்.

பௌத்த ஊர் என்பதால் சைவச் சாப்பாடு தாராளம். 'சாய்' (chay) என்று பலகை போட்டிருக்கும் கடைகள் சுத்த சைவம். நான் சொன்ன அந்த முதல் நாளிலும் பதினைந்தாம் நாளிலும் ஊரில் பாதிப் பேர் சைவம்தான் சாப்பிடுவார்கள், கடைகளில் இடம் பிடிக்க வேண்டியிருக்கும். ஹனோயிலும் இந்தப் பலகையைத் தேடுங்கள். சாதாரணக் கடையில் "கறி வேண்டாம்" என்று சைகை காட்டிச் சமாளிக்கலாம் என்று நினைக்காதீர்கள், கீரைப் பொரியலிலும் மீன் சாறு விழும். காலையில் பாசிப்பருப்பும் வெங்காய வறுவலும் தூவிய பிசின் அரிசிச் சோறு பார்க்க அசல் சைவம், ஆனால் மேலே ஊற்றுவது பல சமயம் கோழிக் கொழுப்பு. பழத்துக்கும் காபிக்கும் பயமில்லை. ஹனோயில் முட்டைக் காபி என்று ஒன்று உண்டு. 1946-ல் பால் தட்டுப்பாடு வந்தபோது மெட்ரோபோல் ஓட்டலில் வேலை பார்த்த ஒருவர் மஞ்சள் கருவை நுரைக்க அடித்துப் பாலுக்குப் பதிலாகப் போட்டது. மாமியாருக்கு அது வேண்டாம், நீங்கள் குடித்துப் பாருங்கள்.

ஹோய் ஆன் போனதும் உங்கள் மகளுக்குப் பிடிக்கும், கணவருக்குச் சந்தேகம் வரும். மஞ்சள் சுவர், கலர் கலராக விளக்குகள், இரண்டு கடைக்கு ஒரு தையல்கடை, எல்லாம் சுற்றுலாவுக்காக ஜோடித்த ஊர் மாதிரி இருக்கும். போலி என்று சொல்கிறவர்கள் நிறைய. நான் அப்படி நினைக்கவில்லை. பதினாறாம் நூற்றாண்டிலிருந்தே ஜப்பானியர், சீனர், போர்ச்சுக்கீசியர் என்று வெளியூர்க்காரர்களுக்குப் பட்டும் பீங்கானும் விற்றுப் பிழைத்த துறைமுகம் அது. ஆறு தூர்ந்து வியாபாரம் டனாங்குக்குப் போனதால்தான் யாரும் இடித்துப் புதிதாகக் கட்டவில்லை. இன்றைக்கு ஒரே நாளில் கோட்டு தைத்துக் கொடுப்பவர் அந்தப் பழைய தொழிலைத்தான் செய்கிறார். ஆட்கள்தான் மாறியிருக்கிறார்கள். காலை ஆறு மணிக்கு எழுந்து சந்தைப் பக்கம் போங்கள், ஒன்பதுக்குப் பிறகு சைக்கிள் எடுத்து வயல்பக்கம் போய்விடுங்கள். அங்குள்ள ஜப்பானியப் பாலத்தின் படம் 20,000 டாங் நோட்டில் இருக்கும். நோட்டு நீலநிறம், 500,000 நோட்டும் கிட்டத்தட்ட நீலம். இருட்டில் மாற்றிக் கொடுத்துவிடாதீர்கள்.

தங்கப் பாலம் பற்றி என்னத்தைச் சொல்ல. 2018-ல் திறந்தார்கள். பாலத்தைத் தாங்கிப் பிடிப்பது போல இரண்டு பெரிய கைகள் இருக்கும். பாசி பிடித்த பழைய கல் மாதிரி தெரியும் அந்தக் கைகள் ஃபைபர் கிளாஸ். மகள் ஆசைப்பட்டால் அப்பாவும் மகளும் போய்வரட்டும், ரோப்கார் நன்றாக இருக்கும். அந்த நாளில் நீங்களும் மாமியாரும் மீ சன் போங்கள். சாம் அரசர்களின் சிவன் கோயில்கள், நாலாம் நூற்றாண்டுக் கடைசியில் பத்ரவர்மன் தொடங்கியது. சுண்ணாம்புப் பூச்சு வெளியே தெரியாத செங்கல் கோபுரங்கள். 1969-ல் அமெரிக்கக் குண்டு விழுந்து மிகப் பெரிய கோபுரம் போய்விட்டது. நம் தொல்லியல் துறை அங்கே சீரமைப்பு வேலை செய்தபோது 2020-ல் ஒற்றைக் கல்லில் ஒரு லிங்கம் கிடைத்தது.

அங்கே போகும் நம்மவர்கள் உடனே சோழர்கள் கட்டியது என்று வாட்ஸ்அப்பில் போட்டுவிடுகிறார்கள். தயவுசெய்து வேண்டாம். ராஜராஜனுக்கு அறுநூறு வருடம் முன்னால் தொடங்கியவை. கட்டியவர்கள் சாம் மக்கள், அவர்களுக்கென்று ஒரு மொழி உண்டு, இன்றும் தெற்கே பான் ராங் பக்கம் அவர்கள் இருக்கிறார்கள், அவர்களுடைய கோபுரத்தில் இன்றும் வழிபாடு நடக்கிறது. உயிரோடு இருக்கிற ஒரு சமூகத்தின் கோயிலை நம் கணக்கில் எழுதிக்கொள்வது நியாயமில்லை. நம் கணக்கு சைகோனில் இருக்கிறது. பிரெஞ்சுக் காலத்தில் வட்டித் தொழிலுக்குப் போன நகரத்தார், அரசு வேலைக்குப் போன புதுச்சேரிக்காரர்கள், வியாபாரத்துக்குப் போன முஸ்லிம்கள் இருந்த ஊர் அது. பென் தான் சந்தைக்குப் பக்கத்தில் மாரியம்மன் கோயில் இன்றும் இருக்கிறது. தமிழர்கள் பெரும்பாலும் போய்விட்டார்கள். ஊதுபத்தியைக் கைநிறைய ஏற்றிக்கொண்டு சுவரில் நெற்றியை வைத்து வேண்டிக்கொள்கிறவர்கள் வியட்நாமியப் பெண்கள். அதற்காகவே இன்னொரு முறை தெற்குக்கு மட்டும் தனியாகப் போகலாம், அப்போது மீகாங்கையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக, இந்தக் கடிதத்திலேயே அவசரமான விஷயம். தீபாவளியை ஒட்டிப் போகாதீர்கள். அக்டோபரும் நவம்பரும் நடு வியட்நாமுக்கு அடைமழைக் காலம். ஹோய் ஆனின் பழைய வீடுகளில் எந்த வருட வெள்ளம் எவ்வளவு உயரம் வந்தது என்று சுவரில் கோடு போட்டு வைத்திருப்பார்கள், சில கோடுகள் தலைக்கு மேலே இருக்கும். மாடித் தரையில் ஒரு சதுரக் கதவு, தண்ணீர் ஏறும்போது சாமான்களைக் கயிறு கட்டி மேலே இழுக்க. 2025 அக்டோபர் கடைசியில்கூட ஹுவேயும் ஹோய் ஆனும் சேர்ந்தே மூழ்கின. அந்த மாதத்தில் சுற்றுலா விலை ஏன் குறைவாக இருக்கிறது என்று டிராவல்ஸில் கேட்டுப் பாருங்கள்.

மார்ச், ஏப்ரல் எல்லா வகையிலும் சௌகரியம். மகளுக்குக் கல்லூரி இருக்கும் என்றால் மே கடைசி. வெயில் அடிக்கும், ஆனால் வயல் பழுத்திருக்கும், நடுப்பகுதியில் மழை அதிகம் இருக்காது. ஜனவரி கடைசியிலோ பிப்ரவரியிலோ போவதாக இருந்தால் மட்டும் தெத் புத்தாண்டு எந்தத் தேதி என்று பார்த்துவிட்டு டிக்கெட் எடுங்கள். அந்த வாரம் நாடே சொந்த ஊருக்குக் கிளம்பிவிடும், ரயிலில் இடம் இருக்காது, நான் சொன்ன தேநீர்ப் பாட்டியும் கடை போட மாட்டார்.